தவளையின் இடது இருக்கை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால், "இங்க குளிர் ஜாஸ்திக்கா" என்று வானிலை அறிக்கை வாசித்துவிட்டுப் போனை உன் மனைவி கையில் கொடுத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். நடுவில் மடித்து வைத்துவிடலாமா என்று தோன்றும். வைக்காதே, கடைசி வரை படி.

பின்பக்கச் சுவரில் மறுபடி ஈரம் ஏறிவிட்டது. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "சுவருக்கு ஒண்ணுமில்லம்மா, உள்ள போற குழாய்தான்" என்றார். குழாய்க்காரரைக் கேட்டால் சுவர்தான் என்கிறார். இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருக்கிறேன், அவர்களே பேசி முடிவு செய்யட்டும். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் படுத்துகிறது. பரிசோதனைக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஊசி குத்த ஆள் கிடைக்காமல் என் கை சும்மா இருக்கிறது. உன் மருமகளுக்கு வேலையில் உயர்வு வந்திருக்கிறது. சிரிக்கும்போது அப்படியே அவள் அப்பா என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அப்பாவைப் பார்த்த நினைவே இல்லாத பெண், கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்துக்கொள்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தவளை திரும்பி வந்துவிட்டது. அதை நீ வந்து ஓட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள்.

எல்லாம் என் கடைவாய்ப் பல்லால் வந்த வினை. பிடுங்கப் போனேன். பதிவுச் சீட்டில் என் பெயரோடு உன் அத்தான் பெயரைப் பார்த்ததும் பல் டாக்டர் கையில் இருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க அவரோட வீட்டம்மாவா? தவளைல இடது பக்கம் உக்காருவாரே, அவரா?" என்று கேட்டார். வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்வது? தலையை ஆட்டினேன். மனுஷர் கண் கலங்கிவிட்டது. பல்லை மறந்துவிட்டார். மறு வாரம் போய்த்தான் பிடுங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம் முன்னறையில் மூன்று பேர். டாக்டர், ஒரு பேக்கரிக்காரர், ஓய்வு பெற்ற ஒரு பஸ் டிரைவர். தங்களைத் தவளைச் சங்கம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். "ஏம்மா இவங்கள உள்ள விடற?" என்று உன் மருமகள் சிடுசிடுத்தாள். அந்த வண்டியைப் பற்றி நீயோ நானோ வாய் திறந்து எத்தனை காலம் ஆயிற்று? யாராவது பேசட்டுமே என்று விட்டுவிட்டேன்.

நீ ஓட்டிய வண்டியை உனக்கே வர்ணிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் அவர்கள் வாயால் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. எண்பதுகளில் பந்தயத்துக்கென்று அந்தக் கம்பெனி விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் அதைச் செய்ததாம். எஞ்சின் உட்காருபவர்களின் முதுகுக்குப் பின்னால். வண்டியின் மேல்கூடு இரண்டு பேர் தூக்கிவிடக்கூடிய எடை. முன்னால் பிதுங்கி நிற்கும் இரண்டு விளக்குகளுக்காகவே தவளை என்று பெயர். சாலையில் தாவுகிற வேகத்துக்குப் பயந்து, அடுத்த வருஷமே அந்த வகை வண்டிகள் எதுவும் பந்தயத்தில் ஓடக் கூடாது என்று தடை போட்டார்கள். அந்தத் தடைக்கு நம் வீடும் ஒரு காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. நாகரிகம் தெரிந்தவர்கள்.

டாக்டர் அப்போது மாணவர். மலைச்சாலையில் மரத்தின் மேல் ஏறிப் பார்த்தாராம். வண்டி வருவதற்கு முன்பே பறவைகள் எல்லாம் எழுந்து போய்விட்டன, பிறகுதான் சத்தம் வந்தது என்று பேக்கரிக்காரர் சொன்னார். பஸ் டிரைவரோ, பயணிகளோடு பஸ்ஸைக் கீழ்ச்சாலையில் நிறுத்திவிட்டு மேலே ஓடியவர். "மெமோ குடுத்தாங்கம்மா. குடுத்தா குடுக்கட்டும்னு வாங்கிக்கிட்டேன்" என்றார். சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் மறைப்பு சிவப்பா மஞ்சளா என்று ஒரு நாள் மூவருக்கும் சண்டை முற்றி, என்னிடம் தீர்ப்புக்கு வந்தார்கள். வண்டி கிளம்பும்போதெல்லாம் நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ரப்பரைப் பார்க்கவில்லை என்றேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அவர்கள் கொண்டுவந்த படங்கள் எல்லாவற்றிலும் நீ தெரிகிறாய். கண், மூக்கு, கடித்துக்கொண்ட உதடு எல்லாம் தெரிகிறது. இடது பக்கத்தில் குனிந்த ஒரு வெள்ளைத் தலைக்கவசம் மட்டும்தான். ஒன்றில்கூட உன் அத்தான் முகம் இல்லை. மடியில் இருக்கிற தாளைப் பார்த்து வழி வாசிக்கிறவர் கேமராவைப் பார்ப்பாரா என்ன?

அவர் வீட்டில் பழகிய பழக்கம் உனக்கு நினைவிருக்கும். "வலது நாலு, மேடு, உடனே இடது ரெண்டு, கவனம்" என்று திசையும் வளைவின் கூர்மை எண்ணுமாக வாசித்துக்கொண்டே அறை அறையாக நடப்பார். நான் தண்ணீர்க் குடத்தோடு வந்தால், "இடது ஒண்ணு, சமையலறை, வழுக்கும்" என்பார். வண்டி நிற்கிற இடத்தைச் சொல்வது தன் வேலை இல்லை, அடுத்து வரப்போகிற வளைவைச் சொல்வதுதான் வேலை என்பார். இன்றைக்கும் நான் கூடத்தைத் தாண்டும்போது அந்தக் குரல் எனக்கு ஒரு அறை முன்னால் போகிறது. பயமாக இல்லை. பழகிவிட்டது. ஒருநாள் கேட்காமல் போனால்தான் பயமாக இருக்கும்.

போன மாதம் என்னை ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனார்கள். எங்கோ பழைய இரும்புக் கிடங்கில் கிடந்ததைத் தேடிப் பிடித்து, வருஷக்கணக்காகத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். துணியை விலக்கினார்கள். நான் பக்கத்தில் இருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டேன். புத்தம் புதிதாக நிற்கிறது, தம்பி. நமக்கெல்லாம் நரைத்துவிட்டது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நிமிஷம் எனக்கு அதன்மேல் வந்த ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை.

இந்த ஆட்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. எந்தப் பாகம் அன்றைக்கு இருந்தது, எது புதிதாகச் செய்தது என்பதில் அப்படி ஒரு கவனம். பேக்கரிக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தார். கதவு புதுசு, விளக்கு வேறு வண்டியுடையது என்றார். கடைசியில் பெருமை தாங்காமல், "இந்த இடது சீட்டு மட்டும் ஒரிஜினல்மா" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் செத்துவிட்டது. வேறு இருக்கை வாங்கி மாற்றிவிடுகிறோம் என்று டாக்டர் அவசரமாகச் சொன்னார். மாற்ற வேண்டாம் என்றேன். நான் அதில் உட்கார வேண்டும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். உன் மனைவியைக் கோபித்துக்கொள்ளாதே. அவள்தான் சொன்னாள். நீ இன்றுவரை ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சாப்பாட்டு மேஜையிலும் பஸ்ஸிலும் உன் இடது பக்கம் யாரும் உட்கார்ந்துவிடாதபடி இடது ஓரத்தைத் தேடிப் போய் உட்காருகிறாய். காரணம் கேட்டதற்கு ஒரே ஒரு முறை அவளிடம் சொல்லியிருக்கிறாய்: "பாறைல மோதறதுக்கு முன்னாடி அத்தான் திரும்பி என்னைப் பாத்தார்." இதை அவள் போனில் சொன்னபோது, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இத்தனை வருஷமாக நீ ஊருக்கு வராததற்கு, நான் உன்மேல் பழி போட்டுவிடுவேன் என்ற பயம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். நான் எப்போது உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன்? என்னை எதிர்கொள்ளப் பயந்து நீ ஓடவில்லை, அவர் பார்வைக்குப் பயந்து ஓடியிருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆகவே உட்கார்ந்தேன். முழங்காலை மடக்கி என்னை உள்ளே இறக்குவதற்குள் மூவருக்கும் வியர்த்துவிட்டது. நான் ஒன்றும் அன்றைய ஒல்லிக்குச்சி இல்லை. பேக்கரிக்காரர் வார்களைத் தோளிலும் இடுப்பிலும் இறுக்கினார். "மூச்சு முட்டுதாம்மா?" என்று கேட்டார். இன்னும் இறுக்குங்கள், பந்தயத்தில் எப்படியோ அப்படி, என்றேன். தலைக்கவசத்தையும் மாட்டிக்கொண்டேன்.

அந்த இருக்கையைத் தரையோடு தரையாகப் பதித்திருக்கிறார்கள். எடை கீழே இருக்க வேண்டுமாம். ஓட்டுபவர் இருக்கைக்கு ஒரு சாண் பின்னால் வேறு. அங்கிருந்து சாலை தெரியவில்லை, தம்பி. வண்டியின் முன்பலகையும் அதற்கு மேல் துளி வெளிச்சமும்தான். பஸ் டிரைவரை உன் இடத்தில் உட்காரச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கலாம் என்று வலது பக்கம் திரும்பினேன். கூரை நசுங்காமல் தாங்குவதற்காக உள்ளே பூட்டிய இரும்புக் குழாயில் தலைக்கவசம் இடித்து நின்றுவிட்டது. தோளை அசைக்க வார் விடவில்லை. எத்தனையோ முறை முயன்றேன். "போதும்மா, கழுத்து சுளுக்கிக்கும்" என்று டாக்டர் தடுத்தார். என்னால் முடியவில்லை. என்னைவிடத் தோள் அகன்ற உன் அத்தானுக்கும் முடிந்திருக்காது.

அவர் உன்னைப் பார்க்கவில்லை. பாறையையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த தாளைப் பார்த்து, அதற்கு அடுத்த வளைவை உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. ஒரு முகம் திரும்பியது உண்மையாகத்தான் இருக்கும். அது யார் என்று எனக்குத் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். உன் பயம் அவருடைய முகத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு உன்மேல் கொஞ்சம் பொறாமை. என்னிடம் அவர் குரலாக மட்டும்தான் வருகிறார். கண்ணை மூடிக்கொண்டு நினைத்தால் முகம் இப்போதெல்லாம் சரியாகக் கூடி வருவதில்லை. உன்னிடமாவது அது முழுசாக இருக்கிறதே.

மழைக்கு முன்னால் அந்த மலைச்சாலையை ஒரு நாள் மூடி, தவளையை மெதுவாக மேலே கொண்டுபோகப் போகிறார்கள். உன்னைத் தவிர யாரும் ஓட்டக் கூடாது என்று மூவரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். என் தம்பியிடம் நான் அதைக் கேட்கமாட்டேன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். வேண்டுமானால் பஸ் டிரைவர் ஓட்டட்டும். அவர் அன்று வாங்கிய மெமோவுக்கு வட்டி வந்த மாதிரி இருக்கும். நீ வண்டிக்காக வர வேண்டாம். அந்தச் சாலைக்குப் போகவும் வேண்டாம்.

ஆனால் வா. அந்த இருக்கையிலிருந்து ஒன்றே ஒன்று தெரிந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தாளுக்குப் பக்கத்தில், கண்ணை நிமிர்த்தாமலே தெரிகிற இடத்தில், கியர் மேல் ஓட்டுபவரின் இடது கை இருந்தது. பஸ் டிரைவரின் கைதான். எனக்கு அப்போது அது உன் கையாகத் தெரிந்தது. தாளைத் தவிர உன் அத்தான் கடைசியாகப் பார்த்தது அந்தக் கையைத்தான். அதை நம்பி வாசித்துக்கொண்டே போயிருக்கிறார். அந்தக் கையை நான் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், தம்பி. நீ பேசக்கூட வேண்டாம். வந்து என் வலது பக்கம் உட்கார்.

நீயும் உன் மனைவியும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா