உன் உயரத்து அலமாரி

அன்புள்ள குள்ளிக்கு,

நான் நலம். உன் நலமும் அத்தையின் முழங்கால் நலமும் அறிய ஆவல். அவர் மெதுவாகவே நடக்கட்டும், அவசரப்படுத்தாதே.

உன்னால் இந்த வருடம் வர முடியாது என்றானதால், நீ வருவாய் என்று ஒப்பந்தம் புதுப்பித்த வீட்டை விட்டுவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“கையெழுத்துப் போட்டு ரெண்டு மாசம்தானே ஆகுது? உங்களுக்குப் பதிலா ஆளைக் கூட்டிட்டு வாங்க, விட்டுடறேன்” என்றார்.

தரகர் வேலையும் பார்த்தாயிற்று. நாலு பேர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். ஐந்தாவதாக ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் சமையலறை அலமாரியின் மேல்தட்டைத் தொட்டுப் பார்த்து, “எனக்கே எட்டுதே” என்றாள். அத்தோடு முடிந்தது. உனக்காக இறக்கி மாட்டியது என்று நான் சொல்லவில்லை.

புது அறையில் ஒற்றைக் கட்டில்தான். ஒரு போர்வை அனுப்பு. புதிது வாங்காதே, நீ போர்த்துவதே போதும். வீட்டுக்காரர் சாவி வாங்க வந்துவிட்டார்.

உன் நெட்டை