தீயில் சுடாத கால்

படுவான்கரை,
வெள்ளி பின்னேரம்.

அன்பு மகன் நிலோஜனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். கை அதை எழுத மாட்டேன் என்கிறது. சுகத்தைப் பிறகு பார்ப்போம். நீ வேலை முடிந்து அறைக்கு வந்து, குளித்துச் சாப்பிட்ட பிறகு இதை வாசி. வெறும் வயிற்றோடு வாசிக்காதே.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் அப்பாவைத் தெரியும்தானே. கட்டாரிலிருந்து நீ எடுத்தவுடன் போனைப் பெரிய சத்தத்தில் போட்டு மடியில் வைத்துக்கொள்வார். நான் "ம்" என்றால்கூட எதற்கு "ம்" என்று கேட்பார். அதனால்தான் கொப்பித் தாளில் எழுதி அடுத்த வீட்டுக் கேதீஸ்வரி அக்காவிடம் கொடுக்கிறேன். அவ படம் எடுத்து உனக்கு அனுப்புவா. வாசித்ததும் அழித்துவிடு.

விசயம் அப்பாவின் கால். ஆற்றில் மட்டி ஓடு வெட்டின சின்னக் காயம் என்று உனக்குச் சொன்னோம். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார். அது பொய். அம்மாள் கோயில் தீமிதிப்பன்று சுட்ட காயம் அது.

அன்றைக்கு நீயும் வீடியோவில் பார்த்தாய். மற்ற ஆட்கள் தணலில் ஓடினார்கள். இவர் வரம்பில் நடக்கிற மாதிரி ஆறுதலாக நடந்தார். ஏறி வந்ததும் சனம் காலைத் தொட்டுக் கும்பிட்டது. "சூடே தெரியல்ல, பூவில நடந்த மாதிரி இருந்திச்சு" என்று சொல்லிக்கொண்டு நின்றார். எனக்கும் பெருமைதான். தெரு முழுக்க நானே போய்ச் சொன்னேன். நீயும் அடுத்த வருசம் வந்து அப்பாவோடு தீயில் இறங்குவதாக நேர்ந்துகொண்டாய்.

விரதம் பிழைத்தவனைத்தான் தீ சுடும் என்பது நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அடுத்த நாள் அடிக்காலில் கொப்புளத்தைக் கண்டதும் மனிசனுக்கு அந்தப் பயம்தான் பிடித்தது. தன்னைக் கும்பிட்ட சனம் என்ன சொல்லும் என்று யோசித்திருக்கிறார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, சீலைத் துண்டால் கட்டி, மட்டி ஓடு என்று கதை கட்டிவிட்டார். அந்தக் காலோடு வயல் வட்டைக்குப் போய்ச் சேற்றிலும் இறங்கினார். நோகுதா என்று கேட்டால் இல்லை என்பார். அது மட்டும் பொய்யில்லை. மெய்யாகவே அவருக்கு நோகவில்லை.

பிறகு வீட்டுக்குள் ஒரு கெட்ட மணம் வரத் தொடங்கியது. எலி செத்துக் கிடக்கிறது என்று நெல் மூட்டைகளை எல்லாம் தனி ஆளாக இழுத்துப் பார்த்தேன். எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானம் அவர் உறங்கும்போது பாயருகே குனிந்தேன், விளங்கிவிட்டது. கட்டை அவிழ்த்தேன். காயத்தில் ஒட்டியிருந்த சீலையை உரித்தேன். அவர் விழிக்கவே இல்லை மகன், குறட்டைகூட நிற்கவில்லை. சின்ன விரலும் அதற்குப் பக்கத்து விரலும் கறுத்துப் போயிருந்தன.

அழுது, சண்டை பிடித்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பார்த்தது அஸீமா என்ற டொக்டர், காத்தான்குடிப் பிள்ளை. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மீன் பிடிக்கிற தங்கூசி மாதிரி ஒரு நூலை எடுத்தா. "நான் தொடுறது தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்க ஐயா" என்றா. நூல் வளையும் அளவுக்குப் பெருவிரலில் குத்தினா. அப்பா பேசாமல் இருந்தார். அடிக்காலில் குத்தினா, அதற்கும் சத்தம் இல்லை. பிறகு கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றா. அப்போது அப்பா "ஓம், ஓம்" என்றார். தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்ட, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஊகித்துச் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

எல்லாம் இந்தச் சீனி வருத்தத்தின் வேலை. இத்தனை வருசமும் குளிசையை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. விரத காலத்தில் மருந்து ஆகாது என்று ஒரேயடியாக விட்டுவிட்டார். டொக்டர் வெளியே வந்து எனக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினா. இரத்தத்தில் சீனி கூடிக்கொண்டே போனால் முதலில் காலில் உள்ள நரம்புகளைச் சாகடிக்குமாம். முள் குத்தினாலும் தெரியாது, தீ சுட்டாலும் தெரியாது. இரத்தக் குழாய்களும் ஒடுங்கிப் போவதால் காயம் ஆறாது. அதே சீனிதான் கண்ணுக்கும் போகும், சிறுநீரகத்துக்கும் போகும், நெஞ்சுக்கும் போகும். காலுக்கு மருந்து வாங்கப் போன நான் முழு உடம்புக்கும் பயத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இது எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டா. யோசித்துப் பார்த்தால், நீ வெளிநாடு போன காலத்திலேயே தொடங்கியிருக்கிறது. "உள்ள மண் கிடக்குது" என்று செருப்பைக் கழற்றிக் கழற்றி உதறுவார். ஒரு பொட்டு மண்கூட விழாது. வயது போகிறது, மனிசனுக்குக் கிறுக்குப் பிடிக்கிறது என்று நானும் சிரிப்பேன். அதுதான் நரம்பு சாகத் தொடங்கின நேரம் என்று டொக்டர் சொன்னா.

இப்போது இரண்டு விரலையும் எடுக்க வேண்டும். பிந்தினால் பாதம், இன்னும் பிந்தினால் முழங்கால். நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டால் ஆளே இல்லை என்றா. அப்பா கேட்டாரா? "அம்மாள் காத்த காலில கத்தி வைக்க விடமாட்டன்" என்று சொல்லி, தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றிலிருந்து குளிர்காய்ச்சல். இரண்டு போர்வை போட்டும் நடுங்குகிறார். வாசலில் ஆள் சத்தம் கேட்டால் மட்டும் நிமிர்ந்து உட்காருகிறார்.

அம்மாளை நான் குறை சொல்லவில்லை. அவ காக்கிற ஆள்தான். ஆனால் காக்கிறவ ஆஸ்பத்திரியையும் டொக்டரையும் எதற்கு விட்டு வைத்திருக்கிறா என்று இந்த மனிசன் யோசிக்க வேண்டாமா. என் சொல் எடுபடாது. உன் சொல் எடுபடும், நீ ஒரே பிள்ளை.

ஆகவே இப்படிச் சொல்லு. விரதத்தைப் பிழைக்க வைத்தது அம்மாதான் என்று சொல்லு. செத்த வீட்டுக்குப் போய்விட்டுத் தலை முழுகாமல் விரதச் சோறு சமைத்தேன், அந்தத் துடக்கில்தான் அப்பாவுக்குச் சுட்டது, அம்மா உன்னிடம் அழுது ஒத்துக்கொண்டா என்று சொல்லு. அது பொய்தான். அப்பா ஊரிலும் அதையே சொல்லட்டும். கோயில் வாசலில் என்னை யாரும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்ற என்னைக் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. பழி என் தலையில் இருந்தால் அவர் தலை நிமிர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போவார். வாடகை வான் ஒன்று பிடித்து வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் நீ போன் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன், துணிவு வரவில்லை.

போன கிழமை நீ கதைக்கும்போது, சப்பாத்துக்குள் எந்த நேரமும் மணல் கிடக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாய். அங்கே பாலைவனம்தானே, மணல் இருக்கும்தானே என்று நானும் சிரித்தேன். அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. அம்மாள் உன்னையும் பாத்திட்டா" என்று, சூடு தெரியாத வரம் உனக்கும் வந்துவிட்ட மாதிரிச் சந்தோசப்பட்டார். டொக்டரின் அறைக்கு வெளியே நிற்கும்போதுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது. தாகம் தாகம் என்று நாள் முழுக்கச் சோடா குடிப்பதாகவும் சொன்னாய்.

நாளைக்கே இரத்தம் சோதித்துப் பார் மகன். இப்போது இதை வாசித்து முடித்ததும் அந்தச் சப்பாத்தை எடுத்துக் கவிழ்த்து உதறு. ஒரு பிடி மணல் கொட்ட வேண்டும் என்று அம்மாளிடம் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

உன் வாயால் பதில் கேட்கும்வரை அடுப்பு மூட்டாமல் இருக்கும்,
உன் அம்மா
கண்ணகை