உம்மாவின் வருஷக் கதையில் நான் செருகிய ஒரு வரி

டிசம்பர் 28

இன்று உம்மாவின் வருஷக் கதை நாள். வருஷம் முடிகிற நேரத்தில், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், குடும்பம் எங்கெங்கே போய் வந்தது என்று வாட்ஸ்அப் குடும்பக் குழுவுக்கு அறிக்கை விடுவா. போன வருஷம் வரை குரலில் அனுப்பினா. ஜும்ஆக் குத்பாப் பிரசங்கமே தோற்றுப் போகிற நீளம். கட்டார், கொழும்பு, புத்தளம் எல்லாப் பக்கமிருந்தும் "மாஷா அல்லாஹ்" என்று ஒரே ரப்பர் ஸ்டாம்ப் விழும். இந்த வருஷம் உம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவ கரகரக்க நான் தட்டினேன்.

றிம்சான் காக்காவுக்குக் கட்டாரில் சம்பளம் கூடியது. (தலைமுடி தலைமறைவானதை நானாகச் சேர்த்தேன்.) றுமானா ராத்தா மருதமுனைக் கைத்தறிச் சாரங்களை இப்போது போனிலேயே விற்கிறா. வாப்பாவுக்கு முழங்கால் நோவு, முழுக்காலமும். நுவரெலியாப் பயணம் சிறப்பு. உம்மா மலை ரோட்டில் வளைவுக்கு ஒன்று என்று வாந்தி எடுத்ததை மட்டும் எழுத விடவில்லை. கடைசியில் என்னைப் பற்றி, "சஹ்லா நல்லாப் படிக்கிறாள்". முழு அறிக்கையிலும் பெரிய பகிடி அதுதான். அந்தப் பகிடி மட்டும் என்னுடையதில்லை, உம்மாவுடையது.

ஒருத்தரும் வாசிப்பதில்லை என்று ராத்தாவிடம் பந்தயம் பிடித்தேன். அதை நிரூபிக்க இல்லாத ஒரு ஆளை நடுவில் செருகினேன்: "எங்கட இன்ஸாப் இந்த வருஷம் புத்தளம் போய் ஜுனைதா மாமி வீட்டில் ரெண்டு நாள் நின்று வந்தான்."

அனுப்பியாச்சு. எங்கள் வீட்டில் இன்ஸாப் என்று ஒருத்தனும் இல்லை. வாயில் வந்த பேர்.

டிசம்பர் 29

மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ், ஒரு பூச்செண்டுப் படம். வென்றேன் என்று துள்ளினேன். அதற்குள் புத்தளத்து ஜுனைதா மாமி எழுதியிருந்தா:

"ஓம் வந்தவன். தங்கமான புள்ள. தேத்தண்ணிக்குச் சீனி வேணாம் எண்டு பனங்கட்டிதான் கேட்டவன்."

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. வராத ஆளுக்கு மாமி தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பியிருக்கிறா! குசினிக்குள் ஓடிப்போய் உம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கை நின்றது. போனை வாங்கிப் பார்த்தா. திரும்ப என் கையில் தந்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா.

பாதித் தேங்காய் இன்னும் திருவலையில் கிடக்கிறது.

டிசம்பர் 30

ராத்தா சொன்னது. இதற்கு முன் அவ அழுது நான் பார்த்ததே இல்லை.

காக்காவுக்கும் ராத்தாவுக்கும் பிறகு ஒருத்தன் பிறந்தானாம். நாலு வயது. சுனாமிக் கடல் வந்த அன்று உம்மாவின் கையில் இருந்தானாம். பிறகு கையில் இல்லை. மய்யித்தாகவும் உடம்பு கிடைக்கவில்லை. படமும் இல்லை, கடற்கரை வீட்டோடு எல்லாம் போய்விட்டது. மய்யித்தைக் காணாமல் இறந்தவர்களுக்கான கத்தம் ஓத உம்மா விடவில்லை. அவன் பேரையும் வீட்டில் ஒருத்தரும் எடுப்பதில்லை. நான் அதற்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி. எனக்குச் சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

பேர் இன்ஸாப். பனங்கட்டி இல்லாமல் தேத்தண்ணி குடிக்க மாட்டானாம்.

ஆர் எனக்கு அந்தப் பேரச் சொன்ன? ஒருத்தரும் சொல்லல்ல. அல்லாஹ்வே, ஒருத்தரும் சொல்லல்ல.

உம்மாவின் கட்டிலில் போய் இருந்தேன். எல்லாம் நானாகச் செய்த பகிடி உம்மா, நானே கட்டி எழுதின, என்றேன்.

"பேரையுமா?" என்றா உம்மா.

ஜனவரி 3

மாமிக்குக் கள்ளமாகப் போனில் கோல் எடுத்தேன். முதலில் மழுப்பினா. பிறகு மெல்லச் சொன்னா:

"உங்கட உம்மா, வந்தான் எண்டு எழுதியிருக்கக்குள்ள நான் எப்பிடி, மகள், வரல்ல எண்டு சொல்ற? வந்த புள்ளய மறந்துட்டா, ஒரு வாய் தண்ணி குடுத்திருக்க மாட்டா எண்டு சபையில நினைக்க மாட்டாங்களா?"

அவமானத்துக்குப் பயந்த பொய். சரி. அப்ப பனங்கட்டி? அந்தப் பிள்ளையை மாமி கண்டதே இல்லை. வாப்பாவின் சாச்சா மகன் அவவைக் கட்டினதே பிறகுதான்.

"அது... சும்மா வாயில வந்தது."

எனக்கும் வாயில் வந்தது. அவவுக்கும் வாயில் வந்தது. எங்கட வாயால ஆர் கதைக்கிற?

உம்மாவிடம் போய், மாமி சொன்னதும் பொய்தான் என்றேன்.

"பனங்கட்டியுமா?"

ஜனவரி 7

ஒன்று இப்போதுதான் விளங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் இருபத்தாறில் உம்மா வெளியிலிருந்து ஒரு பெடியனைச் சாப்பிடக் கூப்பிடுவா. வாப்பா, ராத்தாவின் புருஷன் மச்சான், பக்கத்து வீட்டு ஆட்களோடு அவனும் ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடுவான். உம்மா திரைக்குப் பின்னால் நின்று அவன் கையையே பார்ப்பா. நன்மைக்கு என்று நினைத்திருந்தேன்.

நான் முதலாம் வகுப்பில் படித்தபோது வந்தவனுக்கு மீசை இல்லை. பிறகு வந்தவன் ஓஎல் பரீட்சை எழுதிவிட்டு நின்றான். பிறகு மீசை. பிறகு தாடி. இந்த முறை வந்தவனுக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம்.

வெவ்வேறு ஆட்கள். ஆனால் வரிசையாக நினைத்துப் பார்த்தால் ஒரே ஆள் வருஷா வருஷம் வளர்ந்து வந்த மாதிரி.

பெப்ரவரி 9

வெள்ளி. ஜும்ஆவுக்கு வாப்பா போனதும் உம்மா பக்கத்தில் வந்து இருந்தா. தலைமுடியை ஒதுக்கிவிட்டா. பிறகு, றிம்சான் எங்கே நிற்கிறான் என்று கேட்கிற அதே குரலில் கேட்டா: "இன்ஸாப் இப்ப எங்க புள்ள?"

தெரியாது உம்மா என்றேன். அவ போகவில்லை. அந்த முகத்தைப் பார்க்க ஏலாமல், "பொலன்னறுவை பஸ் ஸ்டாண்டில" என்றேன்.

உம்மா சிரித்தா. அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடச் சாப்பிட்டா.

மார்ச் 1

இன்றும் கேட்டா. அனுராதபுரம் என்றேன். மழையில் நிற்கிறானா என்று கேட்டா. ஓம் என்றேன்.

பகிடி விடுவது எனக்குச் சோறு தின்கிற மாதிரி. இது தொண்டையில் நிற்கிறது.

பெருநாளுக்கு மறுநாள்

உம்மா ஒரு சேட் வாங்கி வைத்திருக்கிறா. ஆம்பிளைச் சட்டை, நீலம், மெல்லிய கோடு போட்டது. வாப்பாவுக்குச் சின்னன், மச்சானுக்கும் சின்னன். ஆருக்கு என்று கேட்கவில்லை.

"அளவு சரியா இருக்கும். மெலிஞ்சிட்டான் எண்டு நீதானே சொன்ன" என்றா.

நான் சொன்னேனா? எழுதினதை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

ஜூலை 14

வாசல் கேற்றில் இப்போது கொளுக்கி நிற்பதில்லை. வாப்பா போடுவார். உம்மா எழும்பிப் போய்க் கழற்றுவா.

ஓகஸ்ட் 23

உம்மாவைக் காணவில்லை. காலையிலிருந்து தேடினோம். ராத்தா வீட்டில் இல்லை, கடற்கரையில் இல்லை. (கடற்கரைக்கு வாப்பாதான் போனார். திரும்பி வந்த முகத்தை எழுத ஏலாது.) கடைசியில் கல்முனை பஸ் ஸ்டாண்டில் மச்சான் கண்டுபிடித்தார். பொலன்னறுவை பஸ்ஸில், சாரதிக்குப் பின் சீற்றில், மடியில் ஒரு பையோடு இருந்தாவாம். பைக்குள் சேட். ஒரு போத்தலில் தேத்தண்ணி. கடதாசியில் சுற்றிய பனங்கட்டி.

வாப்பா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. "தொடங்கினவள் நீ, மகள். எனக்கு முடிக்கத் தெரியல்ல" என்றார்.

நானும் யோசித்துக்கொண்டு நிற்கிறேன். எத்தனையோ பேரை ஏமாத்தி இருக்கன். உண்மையைச் சொல்லி ஒரு ஆளையும் நம்ப வைக்கத் தெரியாது எனக்கு.

ஓகஸ்ட் 30

வெள்ளி. உம்மா வந்து இருந்தா. கேட்டா.

நான் ஒரு பதில் தயார் பண்ணித்தான் வைத்திருந்தேன். அவன் லண்டன் போய்விட்டான், இனி அங்கேதான் என்று சொல்ல. பஸ் போகாத இடம். வாயைத் திறந்தேன். வந்தது வேறு:

"களைச்சிட்டான் உம்மா. நிண்டு நிண்டு கால் நோகுதாம். ஆராவது ஓதினா வீட்ட போகலாம் எண்டு சொல்றான்."

எந்த வீடு என்று உம்மா கேட்கவில்லை. வெகு நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தா. அவவின் கை குளிர்ந்திருந்தது. இல்லை, என் கைதான்.

இதையும் நான்தான் கட்டினேனா? நாள் முழுக்க யோசிக்கிறேன். என் பொய்கள் எனக்கு அடையாளம் தெரியும், நான் பெற்ற பிள்ளைகள் மாதிரி. இதை அடையாளம் தெரியவில்லை.

செப்டெம்பர் 6

வெள்ளி. உம்மா கேட்கவில்லை.

டிசம்பர் 26

கத்தம் ஓதினோம். காக்கா லீவில் வந்திருந்தான். ஓத வந்த லெப்பைக்கு, வாப்பாவின் பேரைச் சொல்லி அவரின் மகன் இன்ஸாப் என்று எடுத்துக் கொடுத்தது உம்மாதான், திரைக்குப் பின்னாலிருந்து. இருமலோ நடுக்கமோ இல்லை.

இந்த வருஷம் வெளியிலிருந்து ஒரு பெடியனையும் கூப்பிடவில்லை. சஹனைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். வாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து இருந்து அதை மூடினார்கள்.

நீலச் சேட்டை ஓத வந்த மத்றஸா மாணவன் ஒருத்தனுக்குக் கொடுத்தா. அளவாக இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு கேற்றில் சத்தம். எட்டிப் பார்த்தேன். உம்மா கொளுக்கி போட்டுக்கொண்டிருந்தா.

டிசம்பர் 28

வருஷக் கதை. தொண்டை நல்லாகிவிட்டது. ஆனாலும் உம்மா என்னையே தட்டச் சொன்னா. றிம்சானுக்குப் பொம்பிளை பார்க்கிறோம். றுமானாவின் சாரங்கள் கண்டி வரைக்கும் போகின்றன. வாப்பா, முழங்கால், அதே. சஹ்லா படிக்கிறாள், அதே. பயணம் ஒன்றும் போகவில்லை.

பிறகு உம்மா சொன்னா: "இன்ஸாபுக்கு ஒரு வரி எழுது. எங்க நிக்கிறான் எண்டு. உனக்குத்தானே தெரியும்."

விரலைப் போனில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு ஊர் வரட்டும், ஒரு பஸ் ஸ்டாண்ட் வரட்டும் என்று பார்த்தேன். நான் சஹ்லா, எனக்கு வாய் நிற்காது. குசினியில் தண்ணீர் கொதித்தது. வெளியே யாரோ மோட்டார் சைக்கிளில் போனார்கள்.

"ஒண்டும் வருதில்ல உம்மா."

உம்மா தலையை ஆட்டினா. "அப்ப போய்ச் சேந்துட்டான்" என்றுவிட்டு, தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போனா.