நீ அனுப்பிய முடக்கத்தான் விதை

தம்போய்

அன்பு மருமகள் நாஸியாவுக்கு ருக்னு மாமாவின் ஸலாம். டப்ளின் குளிரில் நீ நடுங்காமல் இருக்க துஆ செய்கிறோம், நாங்கள் இங்கே வேர்த்து வழிந்து சுகமாய் இருக்கிறோம். எல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் போன வருஷமே சொன்னேன், யார் கேட்டீர்கள்? முட்டிவலியில் நாற்காலியில் உட்கார்ந்தே தொழுதுகொண்டிருந்த உன் உம்மா போன வாரம் தரையில் பாய் விரித்து ஸுஜூது செய்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் அது தன்னால்தான் என்கிறாள், சொல்லிக்கொள்ளட்டும் லா, என் முடக்கத்தான் இல்லாமல் நடந்திருக்குமா?

கொடியா அது! வேலியில் கயிறு கட்டிவிட்டு ஒரு தே தாரிக் குடித்து வருவதற்குள் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் பாக்சிக்கின் மோட்டார் சைக்கிளைச் சுற்றிவிட்டது, அவர் அலமாக் என்று கத்தியது அடுத்த ஊர் லார்க்கின் வரைக்கும் கேட்டதாம். முதலில் இலையை விட்டுவிட்டு அந்தப் பச்சைப் பலூன் காயைப் பறித்து சம்பல் செய்தேன், உள்ளே வெறும் காற்று. டேய் ருக்னு, காத்துல சம்பல் செஞ்ச மொத ஆளு நீதான்டா என்று உன் உம்மா சிரித்து, இனி நீ வளர்க்கும் புல் எதையும் தொட மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். பொந்தியான் ஊர் ராஜம்மா அக்கா சொன்ன பிறகுதான் இலையை மட்டும் ஆய்ந்து ஊறிய அரிசியோடு அரைத்துத் தோசை ஊற்றினோம். லேசாகக் கசக்கும், வெங்காயச் சட்னி இருந்தால் தெரியாது. இப்போது உன் உம்மாவே குனிந்து குனிந்து பறிக்கிறாள், என்னைக் கொடிப் பக்கமே விடுவதில்லை.

தள்ளிய தட்டை எப்படித் திரும்ப இழுத்தாள் என்று கேட்பாய். நீ சொல்லாமல் வேலை ஒப்புக்கொண்டு போனதிலிருந்து அவள் உன்னோடு பேசவில்லை, நீயும் அவள் பெற்ற பிள்ளை அல்லவா, அதே வீம்பு. அதனால் விதையை நாஸியாதான் உம்மா முட்டிக்கென்று தேடிப்பிடித்துத் தபாலில் அனுப்பினாள் என்று சொல்லிவிட்டேன். அயர்லாந்தில் ஏது முடக்கத்தான் என்று அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை, அன்றைக்கு நாலு தோசை சாப்பிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உனக்கு போன் செய்யப்போகிறாளாம். பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் இதை எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. மறந்துவிடாதே, உம்மா கேட்டால் விதை நீ அனுப்பியது, உண்மையில் அது தம்போய் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் சாக்கடை ஓரம் நான் பறித்தது. பொய் சொல்ல உனக்கு மனம் வராவிட்டால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீயே போன் செய்துவிடு. உன் குரல் கேட்ட பிறகு அவள் எங்கே விதையைப் பற்றிக் கேட்கப்போகிறாள்.

இப்படிக்கு,
எல்லாம் முன்கூட்டியே அறிந்த
உன் மாமா ருக்னுதீன்