பிரேக் விளக்கின் ஃபியூஸ் இடத்தில் இருந்த கம்பி

அன்புள்ள மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

உன் லாரியின் பிரேக் விளக்குக்கு ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் முறுக்கிய செப்புக் கம்பி இருந்திருக்கிறது. எரிந்த வண்டியைப் பரிசோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் இன்று காலை காவல் நிலையத்தில் இதைச் சொன்னார். நானும் என் தங்கை மலரும் எதிரில் நின்றோம். கருகிய ஃபியூஸ் பெட்டியில் உருகி ஒட்டியிருந்த கம்பியைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

மலர் குனிந்து அதைப் பார்த்தாள். உன்னைக் கொன்றது எலக்ட்ரீஷியன் தனசேகரின் வேலைதான் என்று நம்பி அவன் கையை உடைத்தவள் அவள். உனக்கு இது தெரியாதே. சொல்கிறேன்.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் உன் சித்தப்பா பிள்ளைகள் தனசேகர் கடைக்குப் போனார்கள். நீ கடைசியாக வண்டியைக் காட்டியது அவனிடம்தான். எல்லோருக்கும் முன்னால் என் தங்கை நடந்தாள். தடுக்கத்தான் நான் பின்னால் ஓடினேன்.

"டேய், அவன வெளிய இழுங்கடா!" என்று கத்தினாள். பேட்டரிகளைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். ஆசிட் மண்ணில் நுரைத்தது. தனசேகரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து மண்டிபோட வைத்து மிதித்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது.

"அக்கா, நா ஃபியூஸுதான் போட்டேன். ஒயர் மாத்தாம லோடு ஏத்தாதண்ணேன்னு சொன்னேன்க்கா."

"எம்புருசன கரிக்கட்டையா குடுத்துட்டு பேசறியாடா?"

ஜாக்கி ராடு அவள் கைக்கு எப்படி வந்தது என்று நான் பார்க்கவில்லை. தலையைக் காக்க அவன் வலக்கையைத் தூக்கினான். மணிக்கட்டுக்கு மேலே அது முறிந்து தொங்கியது. பத்திரிகையில் எத்தனையோ அடிதடிகளைப் பற்றி எழுதியவன் நான். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது, மாப்பிள்ளை?

அவன் சொன்னதைப் பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதிக்கொண்டேன். பின் விளக்குகளுக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போட்டிருக்கிறான், அறுந்துபோகாமல் நின்றது. இணைப்பை மாட்டி உன்னைப் பிரேக் மிதிக்கச் சொன்னான், ஃபியூஸ் போய்விட்டது. கோளாறு பின்னால்தான் என்று தெரிந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்திருக்கிறான். உப்பு மூட்டைகளில் இருந்து சொட்டிய தண்ணீர் ஒயரின் உறையைத் தின்று, செம்பு பச்சை பூத்து, சேஸிஸ் இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. இப்போதைக்கு ஒயரை ஒதுக்கிக் கட்டி, வேறொரு ஃபியூஸ் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒயரை மாற்ற மறுநாள் வரச் சொன்னான். நீ சிரித்தாயாம்: "உப்பு வண்டின்னா ஃபியூஸ் போவத்தான் செய்யும்பா."

நம் பக்கத்து உப்பு லாரிக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான் இது. ஃபியூஸ் போனால் அதன் இடத்தில் மாட்ட, ஸ்டியரிங் தண்டில் செப்பு இழையைச் சுற்றி வைத்திருப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. முன்யோசனை என்கிறார்கள். ஆபத்தைத் தடுத்துவிட்டு அறுந்துபோகிற ஃபியூஸைச் சொத்தை என்று திட்டுகிறார்கள்.

உப்பளத்தில் மூட்டை தூக்கும் அஞ்சலை உன்னைப் பார்த்திருக்கிறாள். லோடு ஏறியதும் ஃபியூஸ் மறுபடி போக, நீ இழையைப் பிரித்து முறுக்கினாயாம்.

"இன்னா மாப்ள, வண்டிக்கு மோதிரம் போடறியா?"

"ஆமாக்கா, அடிக்கடி கோச்சிக்கிது."

அறுந்துபோக ஃபியூஸ் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் நீ பிரேக்கை மிதித்தபடி நின்றபோது ஒயர் முழுவதும் பழுக்கக் காய்ந்துவிட்டது. புகை வந்ததும் நீ குதித்துத் தப்பிவிட்டாய் என்று அங்கே சாலையோரம் இருந்த டீக்கடைக்காரர் சொல்கிறார். பிறகு ஏன் திரும்பப் போனாய்? பேட்டரி இணைப்பைக் கழற்றத்தானே? நட்டு உப்பில் இறுகிப்போயிருந்தது. நீ ஸ்பேனரால் அதை அடித்துக்கொண்டிருந்தபோது டீசல் குழாய் வெடித்தது. எரிந்துகொண்டே சாலையைக் கடந்து வந்து விழுந்தாய்.

இன்று காவல் நிலைய வாசலில் அஞ்சலை சொன்னதை மலரிடம் சொன்னேன்.

உன் சித்தப்பா மகன் குறுக்கே வந்தான். "செத்தவன் மேலயே பழி போடறியா? நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

மலர் அவன் கன்னத்தில் அறைந்தாள். "வாய மூட்ரா." பிறகு என்னிடம் திரும்பினாள். "அப்ப நா யாரண்ணா அடிச்சேன்?"



தனசேகர் மீது அவள் கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. வியாழக்கிழமை மறுபடி வாக்குமூலம் தர வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் கைக்கட்டைத் திங்கட்கிழமை பிரிக்கிறார்கள். விரல்கள் மடங்குமா என்பதைப் புதுச்சேரி மருத்துவர் அன்றுதான் சொல்வார். இரண்டு இடத்துக்கும் அவளோடு நான் போவேன். கம்பியை முறுக்கியது நீதான் என்று சொல்ல அவளுக்கு வாய் வராமல் போனால், நான் சொல்வேன், மாப்பிள்ளை.

உன் மச்சான்,
மலரின் அண்ணன்