முன்னால் ஸ்பிரிங், பின்னால் இரும்பு

செப்டம்பர் 21, சனி

காலை முழுக்க மழை. துணி காயவில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் அரைக்கட்டு பாக்கி.

பஸ்காரன் நேரத்தை மாற்றிவிட்டான். இப்போதெல்லாம் முதல் பஸ்ஸே பள்ளி மணி அடித்த பிறகுதான் குருபோங் பக்கம் போகிறது. இறங்கி, தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்து போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் கடவுள் வாழ்த்து முடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வாரம் மூன்று நாள் இப்படி. நேற்று பெ.வா. (பெரிய வாத்தியார்) வாசலிலேயே நின்றார். "டீச்சர், மெர்டேக்கா வந்தது நாட்டுக்கு. பள்ளிக்கூட மணிக்கு இல்ல." (மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.) பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. பிறகு தனியாகக் கூப்பிட்டார். பயிற்சி முடித்த பெண் ஒருத்தி வேலை கேட்டு வந்திருக்கிறாளாம். "நான் இன்னும் பதில் சொல்லல. பூஜை லீவு முடியற வரைக்கும் பாக்கறேன்."

நல்ல மனுஷர். அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

வே.யிடம் சொன்னேன். (வீட்டுக்காரர் பெயரை முழுதாக எழுதினால் அவர் ஆயுள் குறையுமாம். எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் வே. போதும்.) "வேலய விட்டுடேன் லோகா. ஒடம்பு இருக்கற நெலமையில எதுக்கு அலைச்சல்?" என்றார். ஐந்தாம் மாதம் பிறந்திருக்கிறது. வாந்தி நின்றுவிட்டது. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறேன். என்ன நிலைமை?

"சைக்கிள் வாங்குங்க. காலைல என்னை விட்டுட்டு நீங்க ஆபீசுக்குப் போங்க" என்றேன். முகம் செத்துவிட்டது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் வாய் திறந்தார். "ஸ்பிரிங் வச்சது ஏதாச்சும் கெடைக்குமான்னு பாக்கலாம்."

ஸ்பிரிங்காம்!

நெத்திலி சம்பல் கொஞ்சம் உப்பு.


செப்டம்பர் 22, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது, அப்பாடா.

புங்கா ராயா தெருவில் சீன முதலாளி தவுக்கேயின் சைக்கிள் கடை. வே.க்குப் பழக்கமான கடை. போன வருஷம் தன் பழைய சைக்கிளை விற்றதும் இங்கேதான். (செயின் தேய்ந்துவிட்டது என்று சொன்னார் அப்போது.) ஸ்பிரிங் வைத்த சைக்கிள் இரண்டு இருந்தன.

ஒன்றாம் நம்பர்: பச்சை. புதுசு. முன்சக்கரத்துக்கு மேலே மட்டும் ஸ்பிரிங். பின்பக்கம் வெறும் இரும்பு, அப்பட்டமாக. லேசு. ஒரு கையால் தூக்கினேன். வே. பதறிப் பிடுங்கி வைத்தார்.

இரண்டாம் நம்பர்: கறுப்பு. கப்பலேறிவிட்ட ஒரு துரை விட்டுப்போனது. முன்னாலும் ஸ்பிரிங், பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் குட்டிக் குட்டி ஸ்பிரிங். எருமைக் கனம். மலாக்காவிலேயே இந்த மாதிரி இது ஒன்றுதான் என்று தவுக்கே தட்டிக் காட்டினார். இருக்கட்டும், அதற்காகக் கொஞ்சவா முடியும்?

எனக்குப் பச்சைதான் பிடித்தது. நிறத்துக்காகவும்தான், ஏன் மறைக்க வேண்டும்.

வே. கடையை விட்டு நகர்கிற வழியில்லை. குனிந்து ஸ்பிரிங்கை அமுக்குகிறார், விடுகிறார், மறுபடி அமுக்குகிறார். சர்வே ஆபீசில் படம் வரைகிறவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். கல்யாணத்துக்கு முன்பு என்னை எப்படி நம்பினாரோ. கடைசியில் தவுக்கேக்கே பொறுமை போய்விட்டது. இரண்டையும் சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப் போய் ஓட்டிப் பாருங்கள் என்றார்.


செப்டம்பர் 24, செவ்வாய்

மறுபடி தாமதம். பெ.வா. கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

சாயங்காலம் வே.யிடம் எரிந்து விழுந்தேன். "ரெண்டுல ஒண்ண எடுக்க எதுக்கு இவ்வளவு யோசன? சைக்கிள்தானே, மாப்பிள்ளையா பாக்கறீங்க?" வழக்கமாகச் சிரிப்பார். சிரிக்கவில்லை. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே, "போன தடவ உன்ன பின்னால வச்சு அந்தக் கல்லு ரோட்டுல ஓட்டினேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான்…" அத்தோடு நிறுத்திவிட்டார்.



போன வருஷம் வயிற்றில் இருந்தது மூன்றாம் மாதத்தில் கலைந்து போனது. அப்போது ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். மாமியார்: வேலைக்குப் போனது. எதிர்வீட்டில்: அன்னாசி தின்றது. கோயிலில் ஒருத்தி: கிரகணத்தன்று வெளியே வந்தது. எல்லாரையும் மனதுக்குள் நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டு, எனக்கு ஆறிப்போயிற்று. இந்த மனுஷர் யாரும் சொல்லாத ஒரு காரணத்தைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வருஷமாக வாயே திறக்கவில்லை. செயின் தேய்ந்துவிட்டதாம். பொய்யர்.

"சைக்கிளால இல்லங்க" என்றேன். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்கும் தெரியாது. அதுதான் உண்மை.

கணக்கு நோட்டு தொடவில்லை.


செப்டம்பர் 28, சனி

காலையில் மூட்டம், பிறகு வெயில். இரண்டு சைக்கிளும் வாசலில். எங்கள் காஜா பெராங் சந்து முழுக்க வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

பரீட்சை ஒன்று: ரசம். டிபன் கேரியரின் இரண்டு அடுக்கிலும் விளிம்பு வரை ரசம் ஊற்றச் சொன்னார். நல்ல ரசம்! மிளகு வறுத்துப் பொடித்து வைத்தது. பின்னால் கட்டிக்கொண்டு உஜோங் பாசிர் வரை போய் வந்தார், முதலில் பச்சையில், பிறகு கறுப்பில். பச்சையில் கொஞ்சம் சிந்தியிருந்தது. கறுப்பில் பாதிதான் திரும்பி வந்தது. வே.யால் நம்ப முடியவில்லை. மூடி சரியில்லை என்கிறார். மறுபடி ரசம் வைக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

பரீட்சை இரண்டு: ஆள். என் எடை எவ்வளவு என்று கேட்டார், அதே எடைக்கு அரிசி மூட்டை கட்டுவாராம். சொல்ல மாட்டேன் என்றேன். அதற்குள் வீட்டுச் சொந்தக்காரம்மா மாக்சிக் வெளியே வந்துவிட்டார். மாக்சிக் மலாக்காச் செட்டி வம்சம், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர்கள். சாமி பெயரெல்லாம் சுத்தமாக வரும், மற்றபடி தமிழ் வராது, மலாய்தான். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தாலும் அவர் எடைக்கு வராது. என்ன விஷயம் என்று கேட்டு, நான் விளக்கி முடிப்பதற்குள் சாரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டு கறுப்பு சைக்கிளின் கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "ஜாலான்!" என்று உத்தரவு. ஓட்டு என்கிறார்.

வே. மிதித்தார். பின் ஸ்பிரிங் இரண்டும் டக்கென்று அடிமட்டத்தில் போய் உட்கார்ந்தன. ஒரு மேடு வந்தது. மாக்சிக் மேலே போனார், கீழே வந்தார், மேடு தாண்டிய பிறகும் மேலே போனார், கீழே வந்தார். "அலாமாக்! அலாமாக்!" சந்து கோடி வரை கேட்டது அந்தச் சத்தம். திரும்பி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கெபாலா பூசிங்" என்றார். தலை சுற்றுகிறதாம். தண்ணீர் குடித்துவிட்டுப் பச்சையிலும் ஏறினார். அதில் மேடு வந்தால் ஒரே ஒரு இடி, அத்தோடு சரி. இறங்கி வந்து பச்சையின் சீட்டைத் தட்டி, "இனி பாகுஸ்", இதுதான் நல்லது, என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இவ்வளவு சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று! வயிறு வலித்தது. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், அதுதான் தப்பு. வே. வெளிறிப் போய் ஓடி வந்தார். சிரிப்பு வலி என்று புரிய வைக்கப் பெரும்பாடு.

சாயங்காலம் இரண்டையும் தவுக்கேயிடம் விட்டு வந்தார். எதை எடுப்பது என்று கேட்டேன். "தல சுத்தினா பரவால்ல. இடிதான் கூடாது. கறுப்பே எடுக்கலாம்." ரசமும் வீண், மாக்சிக்கும் வீண்.

"எத வாங்கினாலும் ஏறுவேன்" என்றேன்.

"வாங்கலாம். ஆனா ஒன்ன ஏத்துவேனான்னு எனக்கே தெரியல லோகா."

அப்படியானால் வேலை போயிற்று.


செப்டம்பர் 30, திங்கள்

அரைநாள் லீவு. ஆஸ்பத்திரியில் மாதப் பரிசோதனை. பெஞ்சு நிறையப் பெண்கள். ஆண்கள் எல்லாரும் வெளியே அங்சானா மரத்தடியில், வே.யும் அங்கேதான்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எல்லாம் சரி. போகலாம் என்றார். எழுந்திருக்கவில்லை நான். கேட்டேவிட்டேன்: போன தடவை போனது சைக்கிளில் போனதாலா?

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அப்படி இல்லை என்றார். முதல் மூன்று மாதத்தில் இப்படிப் போவது நிறையப் பேருக்கு நடக்கிறதாம். பெரும்பாலும் கரு ஆரம்பத்திலேயே சரியாக உருவாகியிருக்காது. சைக்கிளில் உட்கார்ந்து போனதால் கலையாது. அன்னாசியும் இல்லை, வேலையும் இல்லை. (அதையும் கேட்டேன், விடுவேனா.) இப்போது விழாமல் பார்த்துக்கொள், அது போதும் என்றார்.

வெளியே வந்து சொன்னேன். வே. தலையை ஆட்டினார். "எனக்காகச் சொல்ற."

கோபம் வந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போய் நர்ஸ் மிஸ்ஸியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மலாய்க்கார மிஸ்ஸி, டாக்டரம்மா சொன்னதை எல்லாம் பக்கத்தில் நின்று கேட்டவர். வராந்தாப் படியில் நின்று, அத்தனை பெண்கள் முன்னாலும், கணீரென்று சொன்னார்: "புக்கான் சாலா பாசிகால், என்சே. புக்கான் சாலா சியாப்பா-சியாப்பா."

சைக்கிளின் தப்பு இல்லை. யாருடைய தப்பும் இல்லை.

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மரத்துக்குப் பின்னால் குழாய் இருந்தது. வே. அங்கே போய் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். வாளியோடு காத்திருந்த தோட்டக்காரர் பேசாமல் நகர்ந்து போய்விட்டார். நான் பக்கத்தில் போகவில்லை. போயிருந்தால் நானும் கழுவ வேண்டி வந்திருக்கும்.

நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியில் ஒரே ஒரு வார்த்தை: "பசிக்குதா?" இரண்டு பேருக்கும் பசி. மீ கோரெங் வாங்கிப் பாதிப் பாதி. உண்மையில் முக்கால் எனக்கு.

உடம்பெல்லாம் லேசாக இருக்கிறது. ஒரு வருஷம் பக்கத்திலேயே படுத்திருந்தும் சொல்லாமல் இருந்தாரே என்று ஆத்திரமும் இருக்கிறது. ஆனால் லேசாக இருப்பதுதான் அதிகம்.


அக்டோபர் 1, செவ்வாய்

தாமதம். நாளை மறுநாள் முதல் நேரத்துக்கு வருவேன் என்று பெ.வா.யிடம் தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வாசலில் மணிச் சத்தம். பச்சை! கேட்காமலே விளக்கம் ஆரம்பித்துவிட்டார்: "கறுப்புல மேடு ஏறினா, நான் மிதிக்கற மிதியில பாதிய அந்தப் பின் ஸ்பிரிங்கே தின்னுடுது. உன்னயும் வச்சு ஏத்தினா நாக்குத் தள்ளிடும். முன்னால ஸ்பிரிங் இருக்கறதால கை மரத்துப் போகாது. பின்னால இரும்பா இருக்கறதுதான் மிதிக்க லேசு."

சனிக்கிழமையே மாக்சிக் சொன்ன தீர்ப்பு இதுதானே என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு வாரமாக இடி, அதிர்ச்சி, கல்லு ரோடு என்று பேசியவர், இப்போது மேடு, மிதி என்று பேசுகிறார். சைக்கிளைச் சைக்கிளாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அது போதும்.

கேரியரில் பழைய தலையணை ஒன்றைக் கட்டியிருக்கிறார். என் தலையணை. கேட்டிருக்கலாம்.


அக்டோபர் 2, புதன்

ஆயுத பூஜை. பள்ளி லீவு. விட்டுவிட்டு மழை.

சைக்கிளைத் துடைத்து இரண்டு சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம், ஹேண்டிலில் பூச்சரம். அதன் முன்னால் வே.யின் பேனா, அடிக்கோல். என் சாக்கட்டி, பிரம்பு. (பிரம்புக்குக் குங்குமம் வைக்கலாமா? வைத்தேன். எப்போதாவதுதான் எடுக்கிறேன்.) மாக்சிக் தன் சம்பல் அரைக்கும் கல்லைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து வரிசையில் வைத்தார். கற்பூரம் காட்டும்போது எங்கள் எல்லாரையும் விடச் சத்தமாகச் சாமி பெயர் சொன்னவர் அவர்தான்.

இன்று எதையும் எடுத்து ஓட்டக் கூடாது. வே. நாலு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஓட்டத்தான் கை பரபரக்கிறது என்று நினைத்தேன். ஐந்தாவது தடவை நானும் பின்னாலேயே போனேன். தலையணைக் கட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பயம் ஒரே நாளில் போய்விடுமா என்ன.

கொண்டைக்கடலை மிச்சம். நாளைக்குப் பிள்ளைகளுக்கு.


அக்டோபர் 3, வியாழன்

நல்ல வெயில். மணி அடிப்பதற்குள் பள்ளி போய்ச் சேர்ந்தாயிற்று. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கிளம்பினோம்.

காஜா பெராங் தாண்டும் வரை நடக்கிற வேகம். அதற்கு மேல் போக மாட்டேன் என்கிறார். மெதுவாகப் போகப் போகச் சைக்கிள் ஆடுகிறது. காய்கறிக் கூடை கட்டின சீனக் கிழவி மணியடித்துத் தாண்டிப் போனாள். பிறகு பஞ்சுமிட்டாய்க்காரன். பிறகு ஒரு நாய், அதுவும் ஓடாமல்.

செம்மண் பாதை வந்ததும் சுத்தமாக நிறுத்திவிட்டார். காலை ஊன்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "எறங்கறியா? இங்கேருந்து தள்ளிக்கிட்டு வரேன்" என்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. முதுகெல்லாம் வேர்வை.

இறங்கவில்லை. பழைய சைக்கிளில் கேரியர் கம்பியைப் பிடித்துத்தான் உட்காருவேன். இன்று அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். ரப்பர் மரத்துப் பக்கமிருந்து பால் வெட்டும் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். என் வயிறு அவர் முதுகில் பட்டது.

"மிதிங்க" என்றேன்.

மிதித்தார். கல், பள்ளம், மறுபடி கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடி, அத்தோடு சரி. ஒவ்வொன்றுக்கும் "ஒண்ணுமில்லையே?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். கொஞ்ச தூரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்ச தூரத்தில் சீட்டியடிக்க ஆரம்பித்தார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் இவருக்குச் சீட்டியடிக்க வரும் என்று எனக்குத் தெரியாது.