குன்றூர்ப் பயிற்சிச் சாலையில் பெயர் மாறி அழைத்தது பற்றி அரசியார் விடுத்த ஓலை

வெண்ணியாற்றின் இருகரையும் ஒரு குடைக்கீழ்க் காத்து, மீன்கொத்திக் கொடி உயர்த்திய முகிலணி மாதேவி, பேச்சும் பழக்கமும் வாராப் பிள்ளைகளைப் பயிற்றும் குன்றூர்ச் சாலையின் தலைவர் ஆதன் கொற்றனார்க்கு விடுக்கும் ஓலை. உம் சாலையில் உலை ஓயாதிருக்க. பிள்ளைகள் நலமே வளர்க.

நீர் விடுத்த ஓலையும் பயிற்றுநர் மாசாத்தி விடுத்த ஓலையும் ஒரே நாளில் எம் கை சேர்ந்தன. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாதிருந்த தித்தன் என்னும் பிள்ளை, மாசாத்தி ஒரு மாரிக்காலம் முழுதும் அருகிருந்து பழக்கியதால் திரும்பத் தொடங்கினான் என்று அறிந்து மகிழ்ந்தோம். பின்னர் ஒருநாள் மாலையில், காலை முதல் ஏழு பிள்ளைகளைப் பயிற்றிக் களைத்தவள், எட்டாவதாக வந்த அவனை அவனுக்கு முன் வந்த பிள்ளையின் பெயரால் அழைத்தாள் என்றும், அவன் திரும்பாமையால் கடிந்தாள் என்றும், அன்று தொட்டு அவன் எவர் அழைத்தும் திரும்புவதில்லை என்றும் படித்து நெஞ்சம் நொந்தோம். அப்பிள்ளை செய்தது சரி. தன் பெயரல்லாத பெயருக்கு அவன் ஏன் திரும்ப வேண்டும்?

அவளை விலக்குக என்கிறீர் நீர். தன்னை விடுவிக்குமாறு அவளும் வேண்டுகிறாள். மாலையானால் பிள்ளைகளின் முகங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்து உம்மீது சினந்தோம், மறைப்பானேன்! ஆயினும் வணிகர் தரும் காணிக்கையால்தான் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் பயிற்சியும் நடக்கின்றன என்றும், பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் வாயிலிலேயே பல தாயரைத் திருப்பியனுப்ப நேரும் என்றும் நீர் எழுதியதைப் படித்தபின் சினம் ஆறிற்று. ஒருவரையும் திருப்பியனுப்ப மனமில்லாமல் எல்லாச் சுமையையும் பயிற்றுநர் தலையில் ஏற்றிவிட்டீர். உமது தலையிலும் ஏற்றிக்கொண்டீர் என்பதை அறிவோம்.

ஆகவே நம் ஆணை இது. இனி எப்பயிற்றுநரும் ஒருநாளில் நான்கு பிள்ளைகளுக்கு மேல் ஏற்க வேண்டா. பயிற்சிக் குறிப்பெழுதும் வேலையை அரண்மனை எழுத்தர் இருவர் வந்து ஏற்பர். வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகளைத் தாயர்க்கும் தந்தையர்க்கும் கற்பித்து விடுக. பிள்ளைகள் சாலைக்கு வரும் நாள்கள் குறையினும் பயிற்சி குறையாது. வணிகர் காணிக்கை இன்றுள்ளபடியே தொடர்க. அதன்பின்னும் விழும் துண்டுக்கு, நமது வேனில் மாளிகையின் பொன்வேய்தலை நிறுத்தினோம். ஓட்டுக்கூரையின் கீழும் நமக்கு உறக்கம் வரும்.

மாசாத்தியை விலக்கவும் மாட்டோம், விடுவிக்கவும் மாட்டோம். ஒரு திங்கள் அவள் தன் ஊர் சென்று இளைப்பாறுக. மீண்டபின் தித்தன் ஒருவனோடு மட்டும் அமர்ந்து, அவன் பெயரைச் சொல்லி அழைப்பாளாக. அவன் திரும்பும் வரை வேறு பிள்ளையை அவளிடம் அனுப்பற்க. எத்தனை நாள் ஆயினும் அவளது ஊதியம் அரண்மனையினின்று வரும்.

இவ்வாணை மாறாதிருக்க மீன்கொத்தி முத்திரை இட்டோம். வருவாய் குறைந்தது என்று உம் ஓலை வரின் பொழுது விடிந்தபின் படிப்போம். தித்தன் திரும்பினான் என்று ஓலை வரின், எந்த யாமமாயினும் எம்மை எழுப்புமாறு வாயிற்காவலர்க்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.